கைமாற்றமும் முன்னறிதலும்

ஓடும் பேருந்தில் அமர்ந்து கைபேசியில் பேசிக்கொண்டே செல்பவர், தம் உரையாடல் ஒரு கோபுரத்தின் பொறுப்பிலிருந்து மற்றொரு கோபுரத்தின் பொறுப்புக்கு மாற்றிக் கொடுக்கப்படும் கணத்தை அறிவதில்லை. அவர் அறியாமல் இருப்பதே அந்த ஏற்பாட்டின் வெற்றி. புதிய கோபுரத்தில் இடம் ஒதுக்கி வைத்து, பேச்சை மறைகுறியாக்கும் திறவுகோல்களைத் தயார்செய்து, வழியில் வந்துகொண்டிருக்கும் தரவைத் திசைதிருப்பி, பழைய தொடர்பை அறுத்துப் புதிய தொடர்பைப் பூட்டி, இவ்வளவையும் வினாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடையூற்றோடு முடித்துவிடுகிற இக்காரியத்தைப் பொறியாளர்கள் ஹேண்டோவர் என்பர். கைமாற்றம் என்று இங்கே வழங்குவோம்.

கோபுரங்கள் மைல் கணக்கில் விலகி நின்ற காலத்தில், இக்கைமாற்றம் பிரயாணத்தினிடையே எப்போதாவது நேரும் சம்பவமாக இருந்தது. இன்று பெருநகரங்களின் நெரிசலான தெருக்களில் நூறு இருநூறு மீட்டருக்கு ஒன்றாகச் சிறு நிலையங்கள் விளக்குக் கம்பங்களிலும் கட்டட முகப்புகளிலும் அமர்ந்துவிட்டமையால், அது ஓயாது நிகழும் காரியமாயிற்று. ஓயாது நிகழ்வதால் ஓயாது தவறவும் இடமாயிற்று. இதற்குப் பரிகாரமாக, சாதனம் அடுத்து எந்த நிலையத்தின் எல்லைக்குள் புகும், எவ்வளவு நேரம் அங்கே தங்கும், அப்போது எதைக் கேட்கும் என்பவற்றை முன்கூட்டியே அனுமானித்து, தேவை எழுமுன் ஆயத்தம் செய்துவிட வேண்டும் என்ற கருத்து கடந்த கால் நூற்றாண்டாக ஆராய்ச்சியாளரிடையே வலுத்து வந்திருக்கிறது. அவ்வனுமானம் உண்மையில் மனிதனைப் பற்றியதா, அன்றி அவன் நடக்கும் தெருவைப் பற்றியதா என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் இம்முறையின் பயனும் அபாயமும் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

அறுகோணங்களின் தோற்றம்

1946-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மோட்டார் வண்டிகளுக்கான தொலைபேசிச் சேவை தொடங்கியபோது, ஊரனைத்தையும் ஒரே செல்லாக, அதாவது ஒரே நிலையத்தின் எல்லையாகக் கருதி, ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசி முடிக்கும்வரை வேறெவரும் அதைத் தீண்டவொண்ணாத முறையே கையாளப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் ரிங், தம் சகாவான ரே யங்கின் யோசனையையும் சேர்த்துக்கொண்டு எழுதிய ஓர் அகக் குறிப்பில், பிரதேசத்தைத் தேனடைபோல் அறுகோணங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் சிறிய நிலையம் ஒன்றை வைத்து, அருகருகே இல்லாத அறுகோணங்களில் அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம் என்று காட்டினார். அலைவரிசை என்னும் அருமையான செல்வத்தைப் பெருக்க இதைவிடச் சிறந்த உபாயம் இன்றளவும் தோன்றவில்லை. ஆனால் அந்த உபாயமே ஒரு கடனையும் கூடவே கொண்டுவந்தது. எல்லையை வகுத்தால் எல்லையைக் கடப்பவனுக்கு வழி சொல்லியாக வேண்டும்.

அந்த வழி பிறக்க இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. அதே ஆய்வுக்கூடத்தின் ஏமஸ் ஜோயல், பேச்சு அறுபடாமல் ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்கு இணைப்பை மாற்றிவிடும் விசைமுறைக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். 1978-இல் சிகாகோவில் பத்துக் கோபுரங்களுடன் பரிசோதனை தொடங்கிற்று. 1983 அக்டோபர் 13-ஆம் நாள் அந்நகரிலேயே வியாபார ரீதியான சேவையும் ஆரம்பமாயிற்று. அக்காலத்துச் சாதனம் தன்னைப் பற்றி யாதும் அறியாதது. அதன் சமிக்ஞை எங்கே பலமாகக் கேட்கிறது என்று கோபுரங்களே செவிமடுத்து, கலந்து, தீர்மானித்து, ‘இன்ன அலைவரிசைக்கு மாறு’ என்று கட்டளையிடும். கேட்பவர் காதில் ஒரு சிறு மௌனம் விழும்.

1991-இல் பின்லாந்தில் உயிர்பெற்ற ஜி.எஸ்.எம். முறை இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. உரையாடிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் பலத்தை அளந்து, அவற்றுள் மிகப் பலமான ஆறின் கணக்கை 480 மில்லிவினாடிக்கு ஒருமுறை நிலையத்துக்கு அனுப்பலாயிற்று. தீர்மானம் வலையமைப்பினுடையதாகவே நீடித்தாலும், சாட்சி சொல்லும் ஸ்தானம் கைபேசிக்குக் கிடைத்தது. சாதனத்தின் நடத்தையை அனுமானிப்பதற்கு இன்று நாம் நம்பியிருக்கும் மூலப்பொருளில் பெரும்பகுதி, இந்தச் சாட்சியத்தின் வழிவந்த அளவீட்டு அறிக்கைகளே.

விதியும் அதன் தாமதமும்

2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய நான்காம் தலைமுறை வலையமைப்பிலும், அதன்பின் வந்த ஐந்தாம் தலைமுறையிலும், கைமாற்றத்தைத் தூண்டும் பிரதான விதி ஒன்றே. அண்டைக் கோபுரத்தின் பலம் தற்போதைய கோபுரத்தின் பலத்தைக் குறிப்பிட்ட அளவு விஞ்சியிருக்க வேண்டும். அந்த மேன்மை குறிப்பிட்ட காலம் இடைவிடாமல் நீடிக்கவும் வேண்டும். இரண்டும் நிறைவேறிய பின்னரே கைபேசி அறிக்கை அனுப்பும். காத்திருக்கும் அந்தக் காலத்துக்குத் தர நிர்ணயம், பூச்சியம் முதல் 5,120 மில்லிவினாடி வரை பதினாறு அளவுகளை வகுத்திருக்கிறது. அவற்றுள் ஒன்றைச் சேவை நிறுவனம் தேர்ந்துகொள்ளும்.

இவ்விதி செயற்படுவதை ஓர் உதாரணத்தால் அருகிருந்து பார்ப்போம். மேன்மை 3 டெசிபல் என்றும், காத்திருப்பு 320 மில்லிவினாடி என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று டெசிபல் என்பது ஏறத்தாழ இருமடங்கு பலம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு வினாடியில் பதினாறரை மீட்டருக்கு மேல் நகர்கிறது; ஆகவே விதி பொறுமையாகக் காத்திருக்கும் நேரத்துக்குள் வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்று மேலாகச் சென்றுவிடும். அதன்பின் அறிக்கை மேலே செல்ல வேண்டும்; பழைய நிலையம் புதிய நிலையத்திடம் இடம் கேட்டுப் பெற வேண்டும்; கட்டளை கீழே வர வேண்டும். இவையனைத்தும் பலவீனமாகிக்கொண்டிருக்கும் பழைய கோபுரத்தின் வழியாகவே நடந்தாக வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மர்மஸ்தானம். எந்தக் கயிறு அறுந்துகொண்டிருக்கிறது என்பதற்காக மாறுகிறோமோ, அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டே மாற வேண்டியிருக்கிறது.

காத்திருப்பை நீக்கிவிட்டால் என்ன என்று வினவலாம். வானொலி அலை நேர்வழியாக மட்டுமின்றிச் சுவர்களிலும் வாகனங்களிலும் பட்டுத் திரும்பிப் பல வழிகளில் வந்து சேர்வதால், ஓரிடத்தில் ஒன்றையொன்று பெருக்கியும், அதற்கு அரை அலைநீளத் தொலைவுக்குள்ளேயே ஒன்றையொன்று அழித்தும் நிற்கும். இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலையில் அந்தத் தொலைவு ஏழரை சென்டிமீட்டர்தான். கையை அசைத்தாலே பலம் ஏறி இறங்கும். இந்த ஏற்றத்தாழ்வை மெய்யென்று நம்பி மாறினால், மாறிய மறுகணமே திரும்பி வர நேரும். ஒரு செல்லுக்குள் புகுந்து ஒரு வினாடிக்குள் பழைய செல்லுக்கே மீள்வதை பிங்-பாங் என்று தர நிர்ணய ஆய்வுகள் கணக்கிடுகின்றன. விரைந்து மாறினால் காலூன்றாத இடத்தில் விழுதல், தாமதித்து மாறினால் கட்டளை வந்து சேருமுன் தொடர்பு அறுதல், நடுவே ஊசலாட்டம் என இம்மூன்று குற்றங்களுக்கிடையே மேன்மையையும் காத்திருப்பையும் ஏற்றியும் இறக்கியும் சமரசம் தேடுவதே இதுவரை பொறியாளரின் கலையாக இருந்து வந்திருக்கிறது.

நம் தருக்க நூலோர் ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மலையில் மழை பெய்தது என்று கொள்வதையும், மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்று கொள்வதையும் வெவ்வேறு அனுமானங்களாக வகுத்தனர். மேற்சொன்ன விதி வெள்ளம் கண்டபின் எழுந்திருப்பது. மேகத்தைக் காண வலையமைப்புக்குக் கற்பிக்க முடியுமா என்பதே முன்னறிதல் என்னும் ஆராய்ச்சியின் சாரம்.

நெருக்கம் விளைத்த நெருக்கடி

இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள செல்லை நம் பேருந்து இரண்டு நிமிடங்களில் கடக்கும். 200 மீட்டர் அகலமுள்ள செல்லையோ பன்னிரண்டு வினாடியில் கடந்துவிடும். மணிக்கு முப்பதாக இருந்த கைமாற்றம் முந்நூறாக உயர்கிறது. தங்கும் காலம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினும், காத்திருக்கும் காலமும் ஆயத்தம் செய்யும் காலமும் சுருங்குவதில்லை. சிறு செல்லின் எல்லையில் பலம் மெல்லத் தேய்வதுமில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்போது, அதுவரை கண்ணெதிரே இருந்த நிலையம் கட்டடத்துக்குப் பின்னே மறைய, சில மீட்டர்களுக்குள் பலம் 20 டெசிபலுக்கு மேல், அதாவது நூறில் ஒரு பங்காகவும் அதற்கும் குறைவாகவும் வீழ்வதை 1990-களிலேயே அளந்து தெருமுனை விளைவு என்று பெயரிட்டிருக்கின்றனர். விரைந்து திரும்பும் வண்டிக்கு அந்தச் சில மீட்டர்கள் வினாடியின் ஒரு பின்னமே.

1978-இல் கைமாற்றம் பரீட்சிக்கப்பட்ட அதே சிகாகோவிலும், உடன் மினியாபொலிஸிலும், 2019 ஏப்ரல் 3-ஆம் நாள் வெரைசன் நிறுவனம் 28 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் ஐந்தாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியபோது இந்நெருக்கடி அதன் உச்சத்தை எய்திற்று. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய அந்த அலைகள் மனித உடலையே ஊடுருவ மாட்டாதவை. ஆகவே நிலையம் எல்லாத் திசையிலும் பரவலாக ஒளிராமல், குறுகிய கற்றைகளாகச் சமிக்ஞையைக் குவித்து, பயனாளரை நோக்கிக் கற்றையைத் திருப்புகிறது. இவ்வரிசை அலைகளில் ஒரு செல்லுக்கு அறுபத்துநான்கு கற்றைகள் வரை அறிமுகச் சமிக்ஞை அனுப்பத் தர நிர்ணயம் இடந்தருகிறது. கோபுரம் மாறுவதற்கு முன்பே கற்றை மாற வேண்டிய அவசியமும் இவ்வாறு கூடிற்று. மினியாபொலிஸ் தெருக்களில் நடந்தும் ஓட்டியும் அளவெடுத்த மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், எங்கே நிற்கிறார் என்பது மட்டும் போதாது, எத்திசை நோக்கி, எவ்வேகத்தில், நடந்தா வாகனத்திலா செல்கிறார் என்பவற்றையும் சேர்த்தால்தான் கிடைக்கப்போகும் வேகத்தை அனுமானிக்க இயலும் என்று 2020-இல் எடுத்துக்காட்டினர். கோபுரத்தை நோக்கி நடப்பவருக்குக் கிடைப்பது, அதே இடத்தில் கோபுரத்துக்கு முதுகுகாட்டி நடப்பவருக்குக் கிடைப்பதில்லை. அவர் உடலே அவருக்குத் தடையாக நிற்கிறது.

ஆளின் பழக்கம்

முன்னறிதலின் முதல் மரபு மனிதனின் பழக்கத்தை ஆதாரமாகக் கொண்டது. 1999-இல் அமிய பட்டாச்சார்யாவும் சஜல் தாஸும் வெளியிட்ட லெஸி-அப்டேட் என்னும் முறை இதில் மிகவும் அழகான சிந்தனை. ஒருவர் கடந்து செல்லும் செல்களை எழுத்துகளாகவும், அவர் பிரயாணத்தை ஒரு நூலாகவும் பாவித்து, உரையைச் சுருக்குவதற்கு லெம்பல், ஸிவ் இருவரும் வகுத்த சூத்திரத்தையே அதன்மேல் பிரயோகித்தனர். திரும்பத் திரும்ப வருவதே சுருங்கும். சுருங்கக்கூடியதே முன்னறியவும் கூடியது என்பது அவர்களது சித்தாந்தம். டார்ட்மத் கல்லூரி வளாகத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வை-ஃபை நிலையங்களுக்கிடையே மாறிய பதிவுகளைக் கொண்டு பலவகை முறைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2004-இல் வெளிவந்தது. சிக்கலான முறைகளைவிட, கடைசியாக இருந்த இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வைத்து மூன்றாவதை ஊகிக்கும் எளிய முறை குறைந்ததன்று என்றும், நீண்ட பதிவு உடையவர்களிடத்தில் அதன் நடுத்தரத் துல்லியம் ஏறக்குறைய 72 சதவீதம் என்றும் அது கண்டது.

2010-இல் சயன்ஸ் இதழில் சாங், பராபாசி முதலியோர் வெளியிட்ட கட்டுரை இம்மரபின் சிகரம். ஐம்பதாயிரம் பேரின் மூன்று மாதக் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, மனிதனின் இருப்பிடம் கொள்கையளவில் 93 சதவீதம் வரை முன்னறியத்தக்கது என்று அவர்கள் முடிவு கட்டினர். அதன்பின் எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகள் இந்த எண்ணை முகவுரையில் மேற்கோளாக நிறுத்தி, ஆகவே கைமாற்றத்தையும் முன்னறியலாம் என்று தொடர்வதைக் காண்கிறோம். இந்த ‘ஆகவே’யில்தான் பிழை இருக்கிறது.

அந்த 93 சதவீதம் அடையக்கூடிய உச்சவரம்பேயன்றி, அடைந்துவிட்ட வெற்றி அன்று என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது மணிக்கணக்கில் அளந்த கணக்கு. இரவு பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர் பதினொரு மணிக்கும் வீட்டிலேயே இருப்பார் என்று சொல்வதும் அதில் சரியான விடையே. மனித வாழ்க்கையின் பெரும்பகுதி இருந்த இடத்தில் இருப்பதால் அவ்வெண் உயர்கிறது. கைமாற்றத்துக்கு வேண்டுவதோ, இந்த மனிதர் அடுத்த அரை வினாடியில் தெருமுனையின் எப்பக்கம் இருப்பார் என்னும் அறிவு. அவர் தினமும் அலுவலகம் செல்பவர் என்ற உண்மை, பேருந்து சிவப்பு விளக்கில் நிற்குமா தாண்டுமா என்பதைச் சொல்லாது. ஒருவரது சரித்திரம் எவ்வளவு நீளமாயினும், மில்லிவினாடியின் கேள்விக்கு அதில் விடை மிகச் சிறிதே.

இடத்தின் இயல்பு

அந்தச் சிறிய கால அளவில் விடை எங்கே கிடக்கிறது என்று தேடினால், அது தெருவிலும் சுவரிலும் கிடப்பதைக் காண்கிறோம். ஒரு முனையில் இடப்புறம் திரும்பும் எந்த வண்டிக்கும், ஓட்டுபவர் யாராயினும், அதே கட்டடம்தான் குறுக்கே வரும். அதே நிலையத்தின் பலம்தான் அதே வரிசையில் வீழும். முந்தைய ஆயிரம் சாதனங்கள் அந்த முனையில் அனுப்பிய அளவீட்டு அறிக்கைகள், ஆயிரத்தோராவது சாதனத்துக்குரிய மேகத்தைக் காட்டிவிடுகின்றன. மூன்றாவது நிலையத்தின் பலம் மெல்ல ஏறத் தொடங்குவதும், இரண்டாவதின் கற்றை எண் ஏழிலிருந்து எட்டுக்கு மாறுவதும், தனித்தனியே அற்பமாயினும், அந்த வரிசையில் நிகழ்ந்தால் இன்னும் இரண்டு வினாடியில் முதலாவது மறையும் என்பதற்கு அடையாளமாகலாம். காலவரிசையைக் கற்கும் நரம்பு வலைகள் இத்தகைய அடையாளங்களையே பொறுக்கி எடுக்கின்றன. ஒருவர் கடந்து வந்த கற்றைகளின் வரிசையை அத்தகைய வலையொன்றுக்கு ஊட்டி, வரப்போகும் தடையை முன்கூட்டி உணர்ந்து வேறு நிலையத்துக்கு மாற்றிவிடலாம் என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அல்கதீப் முதலியோர் 2018-இல் காட்டிய வழி இவ்வகையது.

மற்றொரு வகை ஒழுங்கும் உண்டு. அதைக் கவனித்தோர் சிலரே. கைமாற்றத்தைத் தீர்மானிப்பது சேவை நிறுவனம் வகுத்த விதியாதலால், எந்த அறிக்கைக்குப்பின் எந்த அறிக்கை வந்தால் எந்தக் கட்டளை பிறக்கும் என்பது பெரும்பாலும் நிலையான வழக்கமாக இருக்கிறது. அமெரிக்காவின் குறுக்கே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வாகனமோட்டி அளவெடுத்து 2022-இல் முடிவுகளை வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் குழு, கைபேசி தன் அறிக்கைகளின் வரிசையைக் கொண்டே நிறுவனத்தின் வழக்கத்தைக் கற்று, வரவிருக்கும் கைமாற்றத்தை முன்னுணர்ந்து, காணொளிச் செயலிக்கு எச்சரிக்கை கொடுக்கலாம் என்று செய்து காட்டியது. இங்கே முன்னறியப்படுவது மனிதனின் பழக்கமன்று; கோபுரங்களின் பழக்கம்.

அசையாத சாதனமும் அசையும்

சாதனத்தின் நடத்தை என்றால் அதன் பிரயாணம் மட்டும் என்று கொள்வது குறையுடையது. தொடக்கத்தில் கையாளப்பட்ட நடத்தை அனுமானம் ஒன்று மிக எளியது: குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு கைபேசி எத்தனை செல்களைக் கடந்தது என்று எண்ணி, அதைச் சாதாரணம், நடுத்தரம், அதிவேகம் என மூவகையாகப் பிரித்து, வேகமானவற்றுக்குக் காத்திருப்பைக் குறைக்கும் ஏற்பாடு நான்காம் தலைமுறையிலேயே இருந்தது. செல்கள் ஒரே அளவாக இருந்த நாட்டுப்புறத்தில் இது நன்றாகவே நடந்தது. பெரிய செல்லின் நிழலில் பத்துச் சிறு செல்கள் முளைத்த நகரத்திலோ, கடைவீதியில் சாவகாசமாக நடப்பவரும் எண்ணிக்கையின்படி அதிவேகப் பிரயாணியாகிவிடுகிறார். எண்ணுவதற்கு எளிய அடையாளம் அடர்த்தியால் பொய்த்துப்போனதற்கு இது நல்ல சான்று.

சுவரில் பொருத்திய மின் அளவியை எடுத்துக்கொள்வோம். அது ஓரங்குலமும் நகராது. ஆயினும் இரண்டு நிலையங்களின் பலம் ஏறத்தாழச் சமமாக விழும் இடத்தில் அது இருந்துவிட்டால், எதிரே ஒரு லாரி வந்து நின்றாலும், ஓர் இரும்புக் கதவு திறந்து மூடினாலும், அது ஊசலாடத் தொடங்கும். இது நகராத சாதனம் என்ற ஒரே உண்மையை வலையமைப்பு அறிந்திருந்தால், அந்த ஊசலாட்டத்தை அலட்சியம் செய்துவிடலாம். திறன்பேசியில் நீண்ட காணொளி பார்ப்பவருக்கு ஐந்து வினாடிப் படம் முன்கூட்டியே சேமிப்பில் இருப்பதால் சிறு தடங்கல் பாதிப்பதில்லை. பேசுபவருக்கும் விளையாடுபவருக்கும் அதே தடங்கல் பெரிது. ஒரே ரயில் பெட்டியில் அமர்ந்த இருநூறு கைபேசிகள் ஒரே கணத்தில் ஒரே நிலையத்தின் வாசலில் வந்து நிற்கும் என்பதும் நடத்தை பற்றிய அறிவே. ஐந்தாம் தலைமுறையின் மையவலையில் தரவுப் பகுப்பாய்வுக்கென்றே ஓர் உறுப்பு வகுக்கப்பட்டு, சாதனத்தின் இயக்கம், அது தொடர்புகொள்ளும் முறை, வழக்கத்துக்கு மாறான நடத்தை ஆகியவற்றைக் கணிக்கும் பணிகள் தர நிர்ணயத்தின் 16-ஆம் வெளியீட்டில் அதற்கு நியமிக்கப்பட்டன. 2022-இல் 17-ஆம் வெளியீட்டை ஒட்டிய ஆய்வறிக்கை, இயந்திரக் கற்றலை வானொலி வலையில் புகுத்தத்தக்க மூன்று துறைகளாக மின்சக்திச் சிக்கனம், பளுப் பகிர்வு, இயக்க மேம்பாடு ஆகியவற்றைக் குறித்தது.

தவறின் விலை

முன்னறியும் யந்திரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் பேருந்து பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை செல் மாறுகிறது. வினாடிக்குப் பத்துமுறை யந்திரத்தைக் கேட்டால் நூற்றிருபது கேள்விகளுக்கு ஒன்றில்தான் ‘ஆம், மாற்றம் வருகிறது’ என்பது சரியான விடை. ஒருபோதும் மாற்றம் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மூட யந்திரமும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே துல்லியம் இத்தனை சதவீதம் என்ற தனி எண்ணைக் கண்டு மயங்குதல் ஆகாது. வந்த மாற்றங்களுள் எத்தனையை முன்பே சொன்னது, சொன்னவற்றுள் எத்தனை வந்தன, எவ்வளவு நேரம் முன்பாகச் சொன்னது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். கைமாற்றம் நிகழ்வதற்குப் பத்து மில்லிவினாடி முன்பாகச் சொல்லும் யந்திரம், எவ்வளவு உண்மை பேசினும் உதவாதது.

இதனினும் முக்கியமானது, அனுமானம் பொய்த்தால் என்ன நேரும் என்னும் விஷயம். அனுமானத்தை நம்பிக் கைபேசியை உடனே மாற்றிவிட்டால், பொய்த்தபோது நல்ல தொடர்பை நாமே அறுத்தவர்களாவோம். 2020-இல் முடிவுற்ற 16-ஆம் வெளியீடு அறிமுகம் செய்த நிபந்தனைக் கைமாற்றம் இவ்விக்கட்டுக்கு நல்ல விடை தந்தது. பழைய கோபுரத்தின் பலம் நன்றாக இருக்கும்போதே, சேரத்தக்க நிலையங்கள் சிலவற்றில் இடம் பேசி வைத்து, ‘இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்ன நிலையத்துக்கு நீயே செல்’ என்ற கட்டளையைக் கைபேசியிடம் முன்கூட்டிக் கொடுத்துவிடுகின்றனர். கைபேசி அதைக் கைவசம் வைத்திருந்து, தருணம் வந்தபோது யாரையும் கேளாமல் நிறைவேற்றுகிறது. அறுந்துகொண்டிருக்கும் கயிற்றின் வழியே ஆணை வந்து சேர வேண்டிய அவலம் நீங்கிற்று. அதே வெளியீட்டில், புதிய கோபுரம் பிடிகொள்ளும் வரை பழையதையும் விடாமல் இரண்டையும் ஒருசேரப் பற்றியிருக்கும் முறையும் வந்தது. 18-ஆம் வெளியீட்டில், பல நிலையங்களுக்கான அமைப்புகளைக் கைபேசியில் முன்கூட்டி இட்டுவைத்து, கீழடுக்குச் சமிக்ஞை ஒன்றால் விரைந்து மாற்றும் முறையும் வகுக்கப்பட்டது.

இவ்வேற்பாடுகளோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் முன்னறிதலுக்குரிய ஸ்தானம் தெளிவாகிறது. எந்நேரத்தில் மாறுவது என்பதைக் கைபேசியின் பிரத்தியட்ச அளவீடு தீர்மானிக்கட்டும். எந்தெந்த நிலையங்களை ஆயத்தம் செய்து வைப்பது என்பதை அனுமானம் தீர்மானிக்கட்டும். அனுமானம் பொய்த்தால் நேரும் நஷ்டம், ஒரு நிலையத்தில் சில வினாடி வீணே ஒதுக்கிய இடம் மட்டுமே. மெய்த்தால் கிடைக்கும் லாபம், அறுபடாத ஓர் உரையாடல். ஆனால் வீண் ஒதுக்கீடும் இலவசமன்று. கூட்டம் மிகுந்த மாலையில், வராத விருந்தாளிக்காக ஒவ்வொரு நிலையமும் இடம் பிடித்து வைத்தால், வந்து நிற்பவருக்கு இடமிராது. எட்டு நிலையங்களை ஆயத்தம் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு போதும் என்று நம்பிக்கையோடு சொல்லவல்ல அனுமானமே அடர்ந்த வலையில் உண்மையான சேமிப்பு.

மற்றொரு இடரையும் சொல்லியாக வேண்டும். முன்னறிதல் தான் கற்ற உலகத்தையே மாற்றிவிடுகிறது. பழைய விதிப்படி நிகழ்ந்த கைமாற்றங்களிலிருந்து கற்ற யந்திரம் பதவியேற்றதும், கைமாற்றங்கள் வேறு இடங்களில் நிகழத் தொடங்குகின்றன. அது கற்ற பாடம் அன்றே பழையதாகிறது. புதிதாக ஒரு மெட்ரோ நிலையம் திறந்தாலும், ஒரு கண்ணாடி மாளிகை எழுந்தாலும், மரங்கள் தழைத்தாலும், தெருவின் இயல்பு மாறும். ஆகவே இடையறாது திரும்பக் கற்பதும், நம்பிக்கை குறைந்த தருணத்தில் அடக்கமாகப் பழைய விதிக்கே திரும்பிவிடுவதும் இந்த யந்திரத்துக்கு இன்றியமையாத ஒழுக்கங்கள்.

அந்தரங்கம்

மனிதனின் பழக்கத்தை ஆதாரமாகக் கொண்ட மரபுக்கும், இடத்தின் இயல்பை ஆதாரமாகக் கொண்ட மரபுக்கும் உள்ள வேற்றுமை பொறியியலோடு நின்றுவிடுவதன்று. த மொன்ஜோய் முதலியோர் பதினைந்து இலட்சம் பேரின் பதினைந்து மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது: எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகில் இருந்தார் என்ற குறிப்புகள் நான்கு கிடைத்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துத் தனிமைப்படுத்திவிடலாம். பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதிய காப்பு அன்று, வழித்தடமே பெயராகிவிடுகிறது. கைமாற்றத்தைச் செம்மை செய்கிறோம் என்று ஒவ்வொருவரது போக்குவரத்தையும் மாதக்கணக்கில் சேமிக்கும் வலையமைப்பு, சிறிய உபகாரத்துக்குப் பெரிய அபாயத்தை விலையாகக் கேட்கிறது.

அந்த விலை அவசியமற்றது என்பதையே இதுவரை கண்ட விஷயங்கள் உணர்த்துகின்றன. தெருமுனையின் இயல்பைக் கற்க, அதைக் கடந்தவர் யார் என்று தெரிய வேண்டுவதில்லை. இன்ன வரிசையில் இன்ன அளவீடுகள் வந்தன, இன்னது நிகழ்ந்தது என்ற குறிப்பு போதும், அதையும் கற்றபின் அழித்துவிடலாம். ஒருவரது பழக்கம் பயன்படும் இடங்களில், அதைக் கற்கும் யந்திரம் அவரது கைபேசியிலேயே குடியிருந்து, முடிவை மட்டும் வலையமைப்புக்குச் சொல்லலாம்; கச்சாப் பதிவு சட்டைப்பையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இன்ன நோக்கத்துக்கென்று பெற்ற தரவை அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவில் நிறுத்த வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்துகிறது; கைமாற்றம் என்னும் நோக்கத்துக்கு வேண்டிய அளவு சில வினாடிகளின் ஞாபகமே.

இந்நாட்டில் இவ்விஷயம் பொதுஜனங்களின் முறையீடாகவும் எழுந்ததுண்டு. அறுபட்ட ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை, பயனாளருக்கு ஈடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் விதித்தது. அழைப்பு அறுபடுவதற்கு நிறுவனமே எப்போதும் காரணமன்று என்பதும் வாதமாக எழ, உச்சநீதிமன்றம் 2016 மே மாதத்தில் அவ்விதியை ரத்து செய்தது. காரணம் எவருடையது என்ற வழக்கு இனியும் எழலாம். யந்திரம் முன்னறிந்து செயற்படும் வலையில், ஒரு தொடர்பு அறுந்தால் அது விதியின் குற்றமா, அளவீட்டின் குற்றமா, அனுமானத்தின் குற்றமா என்று பிரித்துச் சொல்லக்கூடிய பதிவும் வேண்டியதாகும். அப்பதிவும் தெருவைப் பற்றியதாக இருக்கலாமேயன்றி, ஆளைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே முன்னறியும் வலையமைப்பு ஒன்றை எவரேனும் நம்முன் கொண்டுவந்து நிறுத்தினால், அது எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்ற கேள்வியோடு நாம் திருப்தியடைந்துவிடலாகாது. பழைய விதி அறுத்திருக்கக்கூடிய எத்தனை தொடர்புகளை அது காத்தது, அதற்காக எத்தனை நிலையங்களில் எவ்வளவு இடத்தை வீணே பூட்டி வைத்தது, அதற்காக எவருடைய வழித்தடத்தை எத்தனை காலம் சேமித்தது என்ற மூன்று கணக்குகளையும் கேட்க வேண்டும். முதற்கணக்கு உயர்ந்து, இரண்டாவது தாழ்ந்து, மூன்றாவது பூச்சியத்தை நெருங்கும் முறை தெருக்களைக் கற்பதால் சாத்தியம் என்று இதுவரை நடந்த ஆராய்ச்சிகள் நம்ப இடமளிக்கின்றன. மூன்றாவது கணக்கைச் சொல்ல மறுக்கும் முறை எதுவாயினும், முதலிரண்டில் அது எவ்வளவு சிறந்து நின்றாலும், அதை ஏற்கத் தயங்குவதே அறிவுடைமை.